குளிருக்கு ஓர் ஒத்திகை

கஸ்தோன் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், ஆளில்லாத நேரமாகப் பார்த்து மாதா கோயிலுக்குப் போய், பீடத்தின் முன் நின்று "சம்மதம்" என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தவர். இருபது வயதில் காரைக்காலிலிருந்து கப்பலேறி வியட்நாமுக்கு வந்தார். சைகோன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இருபத்து நாலு வருஷம் ஒரு நாள்கூடப் பிந்திப் போனதில்லை. வேலையில் சேருவதற்கு முன்பே வீட்டிலிருந்து அலுவலகம்வரை மூன்று தரம் நடந்து நேரம் பார்த்து வைத்துக்கொண்ட மனுஷன் அவர்.

அப்படிப்பட்டவருக்கு 1955-இல் ஒரு சோதனை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் கஸ்தோனுக்குப் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் வேலை போட்டு உத்தரவு வந்தது, அடுத்த பிப்ரவரியில் கப்பல். இங்கேயே இருந்தால் வேலை இல்லை. காரைக்காலிலோ இந்தியக் கொடி ஏறிவிட்டது; அங்கே போய் நிற்க அவருக்கு ஒரு சாண் இடமும் கிடையாது. ஆகவே போகத்தான் வேண்டும். ஆனால் அவர் மனைவி மார்கரித் போகலாம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அங்க ரொம்பக் குளிருமாமே" என்று ஒரு நாள் சொன்னதோடு சரி.

கஸ்தோன் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குளிர்தானே, பழகிவிட்டால் போயிற்று! மலைமேல் தலாத்தில் டிசம்பர் மாசம் பல் கிட்டிப்போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பக்கீர் மைதீனிடம் போய், துணிமூட்டை ஏற்றும் வேனையும் ஒரு கூடாரத்தையும் இரவல் கேட்டார்.

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போங்க. ஆனா கூடாரம் எதுக்கு? ஓட்டல்ல தங்கலாம்ல?"

"ஓட்டல்ல கணப்பு போட்டுடுவான் பாய். நமக்கு வேண்டியது குளிரு."

பைன் மரக்காட்டில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். கஸ்தோன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து தும்மினார். மார்கரித் ஏரித் தண்ணீரில் முகம் கழுவினாள், ஈர விறகை ஊதி ஊதிக் காப்பி போட்டுக் கொடுத்தாள், ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. ஆகா, பழகிவிட்டாள் என்று அவர் பூரித்துப்போனார். மனுஷர் சில விஷயங்களில் அப்படி ஒரு வெள்ளந்தி.

நாலாம் நாள் விடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாலை வெளேரென்று கிடந்தது.

"யாரோ உப்பக் கொட்டிட்டுப் போயிருக்கான் பாரு" என்றார் கஸ்தோன். உறைபனியை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. மரநிழல் விழுந்த முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது மைல்கல்லில் மோதி நின்றது. கீழே எட்டிப்பார்த்தவர் சட்டென்று பின்னால் சாய்ந்துகொண்டார்.

மார்கரித் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"நீங்க மெல்ல ஓட்டிட்டு வாங்க. நா முன்னால நடக்குறேன். எங்க வழுக்குதோ அங்க கையக் காட்டுறேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வேனுக்குள் போட்டாள். செருப்போடு நடந்தால் கால் நிற்கவில்லையாம். ஒரு குச்சியை ஒடித்துத் தரையைக் குத்திப் பார்த்தபடி, அந்தப் பனியில் வெறுங்காலோடு அரை மைல் நடந்தாள். இடது கையைத் தூக்கினால் இடப்பக்கம் வழுக்கும், வலது கையைத் தூக்கினால் வலப்பக்கம் வழுக்கும். கஸ்தோன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து வந்தார். வெயில் ஏறிப் பனி கரைந்த பிறகுதான் அவள் வண்டியில் ஏறினாள். பாதம் இரண்டும் கன்றிப்போயிருந்தன. அவர் வேனை ஓரங்கட்டி, அந்தக் கால்களைத் தம் மடியில் தூக்கி வைத்துக் கம்பளியால் தேய்த்துவிட்டார்.

"இதையே தாங்கிட்ட. மார்செய்ல இதவிட என்ன பெருசா இருந்துடப் போவுது?"

மார்கரித் அவரைப் பார்த்தாள். கோபமில்லை. அயர்ச்சிதான் இருந்தது.

"எனக்கென்னங்க குளிரு? நாம போயிட்டா மிஷேல யாருங்க பாத்துக்குவா?"

பத்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஜப்பான்காரர்கள் ஆட்சியைப் பிடித்த வருஷம், ஊரில் மருந்து கிடைக்காமல், நாலு வயதில் காய்ச்சலில் போனான். "பென்-தான் சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று வெள்ளிக்கிழமைதோறும் மார்கரித் கிளம்புவாள். திரும்பி வரும்போது கூடையில் கீரைக்கட்டோடு எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளும் இருக்கும். கஸ்தோன் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிடுவார். புதைத்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அவர் கல்லறைத்தோட்டத்துப் பக்கமே போனதில்லை. போனால் உடைந்துவிடுவோம் என்று பயம். பெற்றவளை மட்டும் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

வேனைக் கிளப்பினார். சாலை இறங்க இறங்கக் காற்றில் வெக்கை கூடியது. அவர்கள் தெருவில் வடக்கேயிருந்து புதிதாக வந்து குடியேறிய ஒரு வியட்நாமியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் தம் அப்பாவின் எலும்பைத் தோண்டி எடுத்து, சாராயத்தில் கழுவி, சுட்ட மண்பெட்டியில் வைத்துக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். காரைக்கால்காரர்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"மார்கரித், அவனையும் கூட்டிட்டுப் போயிருவமா?" என்றார் கஸ்தோன். அந்த மண்பெட்டி விஷயத்தைச் சொன்னார்.

அதைக் கேட்டுப் பேச ஆரம்பித்தவள் சைகோன் வரும்வரை நிறுத்தவேயில்லை. பெட்டி எவ்வளவு பெரிசு இருக்கும், கப்பலில் சாமானோடு போடச் சொல்வார்களா, போடச் சொன்னால் விடுவேனா, மார்செயில் கோயிலுக்குப் பக்கமாக வீடு பார்க்க வேண்டும்.

"நா மடியிலேயே வச்சிக்கிட்டு வந்துடறேங்க. ஒரு மாசந்தான?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

அனுமதிச் சீட்டு வாங்க மூன்று வாரம் அலைந்தார். மார்கரித் மண்பெட்டிக்குள் விரிக்க வெள்ளைப் பட்டு வாங்கி ஓரம் தைத்தாள். ஜனவரியில் ஒரு காலை நேரம் இருவரும் கல்லறைத்தோட்டத்துக்குப் போனார்கள். வழி தெரியாமல் கஸ்தோன் அவள் பின்னாலேயே நடந்தார்.

குழிவெட்டுகிற வியட்நாமியப் பெரியவர் நிதானமாகத் தோண்டினார். மூன்றடிக்குக் கீழே தண்ணீர் கசிந்தது. கறுத்துப்போன பலகைத் துணுக்குகள் வந்தன, துருப்பிடித்த இரண்டு ஆணி வந்தது. பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் சேற்றை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுத் தேடினார். வெகுநேரம் தேடினார். கடைசியில் மேலே ஏறி வந்து, தொப்பியைக் கழற்றி, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் எலும்பு இந்த ஈர மண்ணில் நிற்காது. பத்து வருஷம் ரொம்ப அதிகம்.

கஸ்தோன் குழிக்குள் குதித்தார். அலுவலகக் கால்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டுப் பிராண்டினார். பல் ஒன்று, விரல் எலும்பு ஒன்று, ஏதாவது ஒன்று. "மிஷேல், ஐயா, மிஷேல்" என்று அவர் வாய் தன்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மேல வாங்க" என்றாள் மார்கரித்.

"இரு, இன்னுங் கொஞ்சம் தோண்டிட்டா..."

"வாங்கங்க. அவன் இங்க இல்ல."

அவள் குனிந்து கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"போவலாம்."

"வீட்டுக்கா?"

"மார்செய்க்கு. எங்க வேணும்னாலும் போவலாங்க. இனிமே எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்."

நாலு மாசமாக அவள் வாயிலிருந்து எந்தப் பதில் வர வேண்டும் என்று ஏங்கினாரோ, அந்தப் பதில் வந்துவிட்டது. கஸ்தோன் அவள் கையை விடாமல், முழங்கால் ஆழச் சேற்றில் நின்றபடி, பத்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.