ஓடும் எஞ்சினும் இறங்கிய பேட்டரியும்

"ஆடி இரண்டாம் வெள்ளி. பிக்கப் வண்டியின் பேட்டரி மறுபடியும் இறங்கிவிட்டது. காரணம், டிரைவர் கேட்கும் பாட்டு." இது என் நாட்குறிப்பில் நானே எழுதியது.

குற்றாலத்தில் பழச்செடி நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். அன்று ஐந்தருவிக்குச் செடி ஏற்றிப் போன டிரைவர் சுடலைமுத்து, நின்றுபோன வண்டியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு வந்தார். வேலையாட்கள் முன்னால் கத்தினேன்.

"பாட்டுக் கேட்டே பேட்டரியத் தின்னுட்டீரே வே!"

"எஞ்சின ஓடவிட்டுத்தான் மொதலாளி கேட்டேன்."

"இதுல பொய் வேற சொல்லுதீராக்கும்?"

சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை.

அந்த வாரமே சாரலில் நான் வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. இலஞ்சி அருகே முகப்பு விளக்கு மங்கியது, வைப்பரும் நின்றது. எதிரே வந்த பஸ் கடைசி நேரத்தில் ஒதுங்கியதால் பிழைத்தேன். ஓரங்கட்டிய வண்டி மறுபடி கிளம்பவில்லை.

தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் வேறு பேட்டரியால் வண்டியைக் கிளப்பி, மீட்டரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடியும் வோல்ட் அளவு ஏறவில்லை.

"பேட்டரி பாவம் அண்ணாச்சி. எஞ்சின் ஓடும்போது அதுக்குக் கரண்ட் குடுக்கிற ஆல்டர்னேட்டர்தான் சார்ஜே ஏத்தல. எஞ்சின் ஓடும்போதே இறங்குதுன்னு டிரைவர் சொல்லலியா?"

"சொன்னார்" என்றேன்.

ஆல்டர்னேட்டரை மாற்றியாயிற்று. இப்போது மாதம் ஒருமுறை, எஞ்சினை ஓடவிட்டு நானே மீட்டர் வைக்கிறேன். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பதினான்கு வோல்ட்டை ஒட்டி இல்லையென்றால் வண்டியை வெளியே எடுப்பதில்லை.

சுடலைமுத்து என் போனை எடுப்பதில்லை. சிவகிரியில் வேறு வண்டி ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். நேரில் போய் நிற்க எனக்கு இன்னும் முகமில்லை. ஆகவே அது உண்மையா என்பது எனக்குத் தெரியாது.