அப்பாவுக்கு வளர்ந்த எலும்பு

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் எந்த வலிக்கும் மருந்து உப்புதான். கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் யானைக்கும் கால்வலி போய்விடும் என்று நம்பினோம்.

அப்பாவுக்கு வந்தது நரம்பு நோய். பாதம் மரத்துப்போய், அது கைக்கு ஏறி, கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துத்தான் மூச்சுவிட்டார். பிழைத்து வீடு வந்தபோது விரல்கள் அசையத் தொடங்கியிருந்தன. அடுத்த சீசனுக்குள் அளத்தில் இறங்கிவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். இறங்காவிட்டால்? அதை யாரும் சொல்லவில்லை.

கை தேறிவிட்டது. வலது இடுப்பு மட்டும் மடங்கவில்லை. தொடை வீங்கி, தொட்டால் சுட்டது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எந்த டாக்டரையும்விட வேகமாக முடிவு சொல்பவர்.

“படுத்தே கெடந்ததுல பூட்டிக்கிச்சுக்கா. மடக்கிவுட்டா சரியாயிடும்.”

அம்மா ஒத்தடம் கொடுக்க, மாமா காலைப் பிடித்து அழுத்துவார். அப்பா தலையணையைக் கடித்துக்கொள்வார். நான் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பொத்திய காதிலும் அவர் அலறல் விழுந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொன்னார்: “நரம்பு நல்லா தேறிட்டு வருது. ஆனா இடுப்பைச் சுத்தி தசைக்குள்ள புதுசா எலும்பு வளருது. இந்த நோயில சில பேருக்கு இப்படி ஆகும். இனிமே முரட்டுத்தனமா மடக்காதீங்க.”

“கால் மடங்குங்களா சார்?” என்றாள் அம்மா.

“மொதல்ல வளர்றது நிக்கணும்மா. அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்.”

எனக்கு உயிர் வந்தது. எலும்பு வளரத்தானே அம்மா முட்டையும் கையுமாக என்னைத் துரத்துகிறாள்? அது அப்பாவுக்குத் தானாகவே வளர்கிறதாம். வீட்டுக்கு வந்ததும் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, நானும் வளர்றேன், நீயும் வளர்ற. யாரு மொதல்ல ஒசரமாவறாங்கன்னு பாக்கலாமா?”

அப்பா சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கட்டில் ஆடும்படி சிரித்தார், பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“அப்பா சிரிக்குதும்மா!” என்று அடுப்படிக்கு ஓடிச் சொன்னேன். எட்டிப் பார்த்த அம்மா ஏன் வாணலியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.