கோட்டுக்கு மூன்றடி முன்னால்

போன மாதம் உழவர்கரையில் ஒரு கூட்டம். கடற்கரையில் பிள்ளைகளுக்கு ரக்பி பயிற்சி தொடங்கப்போகிறார்களாம். என்னை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று நான்கு விசைப்படகுக்குச் சொந்தக்காரன். பிள்ளைச்சாவடியிலிருந்து அரியாங்குப்பம் வரைக்கும் எவனுக்கு ஐஸ் வேண்டுமென்றாலும் என் கம்பெனி வாசலில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். எவன் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை.

மைக் பிடித்த பையன் செனகல் என்ற ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிப் பேசினான். திரையில் படம் காட்டினான். டக்கார் நகரத்துக் கடற்கரை மணலில் பையன்களும் பெண்பிள்ளைகளும் முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்த ஆட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டார்கள், அது பள்ளிக்கூடங்களுக்குப் பரவியது, இன்று நாட்டுக்கென்று அணி இருக்கிறது என்றான். அதுவரை சரி. அப்புறம் சொன்னான்: "நம்ம குப்பத்து ஜனங்களுக்கும் அதே ஒடம்பு பலம் இருக்கு சார். ஆனா கடைசி வரைக்கும் விடாம நிக்கிற பழக்கம்தான் இல்ல."

சால்வையை நாற்காலியில் வீசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சுகர் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த வார்த்தையைப் பையன் எங்கே பொறுக்கினான் என்று எனக்குத் தெரியும். எங்கள் கரையில் அறுபது வருஷமாக அது கிடக்கிறது. அதை அங்கே போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரனின் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். டக்காரில் வேலை. இரண்டு மாத லீவில் வந்தவர் காலில் பூட்ஸும் கையில் ஒரு முட்டை வடிவத் தோல் பந்துமாகக் குப்பத்துக்குள் நடந்து வந்தார். எங்கள் தெருவில் அவரைத் தவிர வேறு யாரும் கப்பல் ஏறியதில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே திரிந்தேன். அவர் காறித் துப்பினால்கூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

சாயங்காலம் படகு நிழலில் உட்கார்ந்து டக்கார் கதை சொல்லுவார்.

"மொதல்ல வெள்ளக்காரன் மட்டும்தான் ஆடுவான். அந்த ஊர் ஆளுங்க கவுத்துக்கு வெளிய நின்னு பந்து பொறுக்கிப் போடுவானுங்க. ஒருநாளு ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஆளு கொறஞ்சிபோச்சி. துறைமுகத்துல மூட்ட தூக்குற ரெண்டு பேர எறக்கிட்டான். அவ்ளோதான்! அவனுங்க முட்டுன முட்டுல வெள்ளக்காரன் பல்லத் தேடுறான். இப்ப அவனுங்களே தனி டீம் வெச்சிருக்கானுங்க. சின்னப் பசங்க பந்து இல்லன்னா துணியச் சுருட்டி வெச்சிக்கினு ஆடுதுங்க."

"நீ எந்த டீம்ல ஆடுற மாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "என்ன எங்கடா சேக்குறான்? வெள்ளக்காரன் டீமுக்கு நான் வெள்ளக்காரன் இல்ல. அவனுங்க டீமுக்கு நான் அந்த ஊர்க்காரன் இல்ல. ரெண்டு டீம் சட்டையையும் தொவச்சிப் போடுறேன். எலுமிச்சம்பழம் அறுத்து வெக்கிறேன்."

அதை மாற்ற அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. டவுனில் வயதான கப்பித்தேன் ஒருவர் இருந்தார். மாமாவின் ரெஜிமென்ட்டில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். டவுனில் பாடம் நடத்த வந்திருந்த பிரெஞ்சுப் பையன்கள் பத்துப் பேரோடு ஒரு ஆட்டம் ஆடு, நான் வந்து பார்க்கிறேன், ஜெயித்தால் உன்னை அணியில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். மாமாவுக்கு அந்தக் கடிதம்தான் உயிர்.

ஆள் வேண்டுமே. மாமா நேராக என் அப்பாவிடம் வந்தார். அப்பா பெரிய வலைப் படகில் முதல் ஆள். படகைக் கடலுக்குள் தள்ளும்போது முன்னால் தோள் கொடுத்துக் குரல் விடுகிறவர். அவரும் அவர் படகாட்கள் எட்டுப் பேரும் மாமாவும் சேர்ந்து பத்துப் பேர் ஆனார்கள். எட்டு நாள் பயிற்சி.

"இன்னாடா மச்சான் இது, பூசணிப் பிஞ்சு மாதிரி கீது?" என்று பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அப்பா.

"இதுக்குப் பேரு பலோன், பந்து" என்றார் மாமா. "இத முன்னால எறியக் கூடாது. பின்னால இருக்கறவனுக்குத்தான் எறியணும்."

"முன்னால போறதுக்குப் பின்னால எறியணுமா? வெள்ளக்காரன் ஏன் கப்பல்ல வழி தப்பி நம்ம ஊருக்கு வந்தான்னு இப்பதான் தெரியுது" என்றார் ஒரு படகாள். மாமாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு பக்கத்து ஆட்களும் தலை குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவதை மாமா 'மெலே' என்பார். அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் படகுக்குக் கொடுக்கிற தோள்தானே. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

படகு தள்ளும்போது ஒருவன் அலையில் வழுக்கிப் படகுக்கு அடியில் போனால், பார்த்தவன் "ஆளு!" என்று கத்துவான். அந்த ஒரு சொல்லுக்கு எல்லோரும் தள்ளுவதை விட்டுவிட்டுப் படகைத் தூக்க வேண்டும். யார், எவன், எதிரியா, பங்காளியா என்று பார்க்கக் கூடாது. அந்தப் பழக்கம் மெலேயிலும் வந்துவிட்டது. ஒருத்தன் விழுந்தால் யாராவது "ஆளு!" என்பான். உடனே மற்றவர்களெல்லாம் குனிந்து அவனைத் தூக்கி, மணலைத் தட்டிவிடுவார்கள். பந்து அனாதையாகக் கிடக்கும்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "வுழுந்தவன் கெடக்கட்டும்! மேல ஏறிப் போங்க! இனிமே எவனாவது அந்த வார்த்தையச் சொன்னான், செருப்பால அடிப்பேன்!"

எட்டு நாளில் அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆனால் மனைவியின் தம்பி ஆயிற்றே என்று தினமும் பயிற்சிக்கு வந்தார்.

ஆட்டம் எங்கள் கரையிலேயே நடந்தது. கப்பித்தேன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குப்பம் மொத்தமும் மணலில். இரண்டு பக்கமும் கோடு கிழித்திருந்தார்கள். எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு வெற்றி. அவர்கள் இரண்டு வைத்தார்கள், நாங்கள் இரண்டு வைத்தோம். அடுத்ததை யார் வைக்கிறார்களோ அவர்களுக்கே ஆட்டம் என்று கப்பித்தேன் விரலைத் தூக்கிக் காட்டினார்.

கடைசி மெலேயில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். அடியில் மாமா. குவியலிலிருந்து பந்து நழுவி அப்பா காலடியில் வந்தது. அப்பா எடுத்துக்கொண்டு ஓடினார். முன்னால் ஒருவனும் இல்லை. நான் குவியலுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், குதித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குவியலுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஆளு!"

மாமாவின் குரல். எட்டு நாள் செருப்பைக் காட்டித் தடுத்த அதே சொல். ஊர் போட்ட கூச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கோட்டுக்கு மூன்றடி முன்னால் ஓடிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டது. அலைச் சத்தத்திலிருந்து அந்த ஒரு சொல்லைப் பிரித்தெடுக்கப் பழகின காது அது. அவர் நின்றார். பந்தை இருந்த இடத்திலேயே மணலில் வைத்தார். திரும்பி ஓடிவந்து, வெள்ளைக்காரன், நம்ம ஆள் என்று பார்க்காமல் ஒவ்வொருவனாகப் பிடுங்கி எறிந்தார். ஒரு பிரெஞ்சுப் பையன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்தான், எங்கள் பக்கத்துக் கோட்டுக்குப் போனான், நிதானமாக வைத்தான். நடுவராக நின்றவன் விசில் ஊதினான். கப்பித்தேன் நாற்காலியை விட்டு எழுந்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. எல்லோர் முன்னாலும் என் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "உன்ன யாருய்யா நிக்கச் சொன்னது? மூணடி! மூணே அடி! பயந்தாங்கொள்ளி!"

"சத்தம் கேட்டுச்சி மச்சான்" என்றார் அப்பா.

"எந்தச் சத்தம்? எவன் போட்டான்?" மாமா என் பக்கம் திரும்பினார். "டேய், நீ இங்கதானே நின்ன? சொல்லுடா. ஏதாவது கேட்டுச்சா?"

குப்பமே என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார்.

"இல்ல மாமா" என்றேன்.

இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன். எட்டு வயதுப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். பூட்ஸ் போட்ட ஆள் பொய் சொல்லமாட்டார் என்று என் காதையே நான் நம்பாமல் போனேன். அது மட்டுமில்லை, அப்பாமேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி அவர் முதுகில் எறிந்தேன். அவர் திரும்பாமல் நடந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேர் 'பந்து வெச்சான் வூடு'. கடைசி வரைக்கும் விடாமல் நிற்கத் தெரியாதவன் என்று அப்பாவைக் காட்டிப் பேசினார்கள். யார் பேசினார்கள் தெரியுமா? அவரோடு படகு தள்ளினவர்கள். நாளைக்கே படகுக்கு அடியில் போனால் இதே ஆள்தான் தூக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்! நான் தலையெடுத்து முதல் படகு வாங்கிய பிறகுதான் அந்த வாய்களெல்லாம் மூடின. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்த மறுநாளிலிருந்து மாமா இடது கையால், கரண்டி வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே இருந்தார்.

"சோத்துக் கையி இன்னாடா ஆச்சி?" என்றாள் அம்மா.

"பட்டாளத்துல இப்படித்தான்க்கா துன்னுவோம்."

எனக்கு அது ராஜ தோரணையாகத் தெரிந்தது. நானும் வலது கையை அரைக்கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் சோற்றை அள்ளினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். தோற்ற ஆளுக்கு ரோஷத்தைப் பார் என்று நினைத்தேன்.

இருபது வருஷத்துக்குப் பிறகு என் படகில் ஒருவனுக்குக் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் கையைப் பைக்குள் செருகிக்கொண்டு இடது கையால் சாப்பிட்டபோதுதான், அன்று குவியலுக்கு அடியில் மாமாவுக்கும் அதே எலும்பு முறிந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. தோள் போன சொல்தாவைப் பட்டாளம் வைத்துக்கொள்ளாது, அதனால் மாமா மறைத்தார். சரி, வயிற்றுப்பாடு, மறைக்கட்டும். என் அப்பாவின் பேரை எடுத்து அதன்மேல் ஏன் போர்த்த வேண்டும்? பிறகு மாமா பிரான்சில் வீடு வாங்கினார், பேரன் பேத்தி பார்த்தார், அங்கேயே செத்தார். அத்தனை வருஷக் கடிதங்களில் அந்த நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவும்தான்! ஒருமுறை, ஒரே ஒருமுறை, "உன் தம்பிதான் கத்துனான்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

மாமா புறப்பட்ட காலை, அப்பா அவருடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தார். நான் கொஞ்சம் தள்ளியே வந்தேன். தோற்றவனோடு சேர்ந்து நடக்க எனக்கு வெட்கம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அப்பா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, வலது கையைப் பையிலிருந்து எடுக்காமல் நின்ற மாமாவின் சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். மாமா குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். மாமாவின் கண் கலங்கியிருந்தது. அப்பா வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாதான் மன்னிப்புக் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.