ஐந்நூற்று இருபதில் நின்ற சில்லு

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் மேல், பழைய கம்மல் டப்பாவில், நகத்தளவு சிலிக்கன் சில்லு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் உடைந்த கண்ணாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அண்ணி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில், தினமும் காலையில் லேசர் முதலில் விழுந்தது அதன்மேல்தான்.

ஒரு பொருளின்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதி நிறம் மாறாமலே சிதறும். மிகச் சொற்பமான பகுதி மட்டும் அணுக்களின் அதிர்வில் சிக்கி, கொஞ்சம் நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம் கணினித் திரையில் கூரிய முகடாக எழும். சிலிக்கனுக்கு அந்த முகடு திரையின் அளவுகோலில் ஐந்நூற்று இருபது என்ற எண்ணில் நிற்க வேண்டும். சில்லு ஒருநாளும் தவறியதில்லை. அண்ணி கண்ணாடியின்மேல் படியவைத்த மெல்லிய சிலிக்கன் படலத்தில் மட்டும் முகடு சற்றுக் கீழே இறங்கியே வந்தது. கருவியில் பிழையில்லை என்று சில்லு சொல்லிவிட்டதால், படலம் இழுபட்டு நிற்பதற்கு அந்த இறக்கமே சான்று என்று கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார்.

நாள் கிழமையை மறக்காதவன் நான். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, அவரை அழைத்துவர ஸ்கூட்டரில் போனேன். போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. மற்ற நாட்களில் ஆவடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் லேசரின் வலுவைக் கூட்டிவைத்துச் சீக்கிரம் அளந்து முடிப்பார். அன்று, “மழை விடட்டும் தம்பி. அதுக்குள்ள லேசரைக் கொறச்சு நிதானமா ஒரு நல்ல படம் எடுத்துடறேன்” என்றார்.

படலத்தின் முகடு ஐந்நூற்று இருபதை ஒட்டியே எழுந்தது. லேசரைக் கூட்டினார், இறங்கியது. குறைத்தார், ஏறியது.

“இழுவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சூடு வெச்சிருக்கேன்.”

சிலிக்கன் சூடேறினாலும் முகடு கீழே இறங்கும். தடித்த சில்லு லேசரின் வெப்பத்தைத் தனக்குள் பரப்பிவிடும். கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய படலத்துக்கு அந்த வழி கிடையாது.

வீட்டில் அண்ணன் சிரித்தான். “இத்தினி நாளா லைட் அட்ச்சிகினு இருந்தியே, எல்லாம் புஸ்ஸா?”

“ஆமா. மொதல்லேர்ந்து அளக்கணும்.”

உதவித்தொகை முடியும் ஆண்டு அது. மறுநாளே கைடிடம் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கடைசி மாதங்கள் உதவித்தொகை இல்லாமலே ஓடின. அத்தனை படலங்களையும் வலுக்குறைத்த லேசரில் மறுபடி அளந்தார். வாய்மொழித் தேர்வில், “இந்த அளவுல லேசர் சூடு கலக்கலைன்னு எப்படிம்மா சொல்றீங்க?” என்று தேர்வாளர் கேட்டு முடிப்பதற்குள் லேசரை இன்னும் குறைத்தும் முகடு நகராத படம் திரைக்கு வந்துவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இப்போது அண்ணி ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன ஞாயிறு டிவி ஸ்டாண்டைத் துடைத்த அண்ணன் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். “உன்னிய ஏமாத்துனதே இத்தான். இன்னும் இன்னாத்துக்கு வெச்சிகினு கீறே?”

“அது ஏமாத்தல. தன்னப் பத்தி உண்மையத்தான் சொல்லுச்சு. படலத்துக்கும் சேத்து அதுகிட்ட சாட்சி கேட்டது நான்தான்.”

டப்பாவை வாங்கி, மூடியை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தார்.