அக்கா வேலூரில் படிக்கிறாள்

சமூகப்பணி முதுகலையில் சேர்ந்திருக்கும் என் மகள், களப்பணிக்குப் போகுமுன் என்னை உட்காரவைத்து, வீடு வீடாகக் கேட்கவேண்டிய கேள்விகளை ஒத்திகை பார்த்தாள். பரீட்சை அட்டையின் கிளிப் ‘டப்’பென்று படிவத்தைக் கவ்வியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், தேரடித் தெருவில் எங்கள் வீட்டு வாசலுக்கு இதே போன்ற அட்டையோடு ஒரு பெண் வந்தார். மெட்ராஸில் சமூகப்பணி படிக்கிறவர். பள்ளியை விட்டு நின்ற பெண்களைக் கண்டுபிடித்துத் திரும்பச் சேர்ப்பது அவருக்குக் களப்பணி. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். என் அக்கா வசந்தாவை எட்டாவதோடு அப்பா நிறுத்தியிருந்தார்.

"யார்னா கேட்டா, வேலூர்ல சித்தி வூட்ல படிக்கிறான்னு சொல்லுடா" என்று அப்பா உள்ளேயிருந்து என்னை அனுப்பினார்.

நான் அதோடு நிற்கவில்லை. பொய்யில் எனக்கு அப்போதே நல்ல நடை இருந்தது. "கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டுங்க. டாக்டராவப் போறாங்க."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்பா" என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா மாவுக் கையோடு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்த ஸ்கூல்னு கேட்டாங்களாடா?"

"கேக்கலக்கா."

"கேட்டிருந்தா கான்வென்ட்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"அப்பா, கூடப் பொறந்தவங்க படிப்பு?" என்று மகள் படிவத்தின் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, எட்டாவது."

"அத்தை ஏன் மேல படிக்கல?"

"படிக்க வைக்க ஒருத்தங்க வந்தாங்கம்மா. நான்தான் பேசி அனுப்பிட்டேன்."