கனடாவில் போடவிருந்த ஊசி

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைப் பேச்சைக் கௌரி இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்லுவாள். தொடங்கியவள் அவள்தான்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை வெளிக்கிடுத்திப்போட்டன். கிளினிக்குக்குப் போட்டு வாறன்."

ஒன்பது மாதத்து ஆரணி மஞ்சள் சட்டையும் கன்னத்தில் கறுப்புப் பொட்டுமாகக் கட்டிலில் இருந்தாள். தில்லைநாதன் முகத்தில் சவர்க்கார நுரையோடு திரும்பினான்.

"கிளினிக்குக்கு என்னத்துக்கு?"

"சின்னமுத்து அம்மைக்குத் தடுப்பூசி. மிட்வைவ் மிஸ் ரெண்டுதரம் வந்து சொல்லிப்போட்டுப் போனவ."

"நாங்கள் பொங்கலுக்குக் கனடாவில நிக்கப்போறம். அங்க போனால் திரும்பவும் முதலில இருந்து குத்துவாங்கள். பிள்ளை என்ன தையல்காரன்ர பஞ்சுப் பொட்டலமே, கண்டபாட்டுக்கு ஊசி குத்தி வைக்க?"

"பிந்தக் கூடாதெண்டு மிஸ் சொல்லுறா."

"மிஸ் கனடா கண்டவவோ? அண்ணா போன ஞாயிறும் போனில சொன்னவர். அங்க ஒரு வயசுக்குப் பிறகு மூண்டு வருத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஊசியாம். இஞ்ச ஒண்டுக்குத்தான் போடுறாங்கள். மூண்டை விட்டிட்டு ஒண்டை வாங்கிறது என்ன கெட்டித்தனம்?"

"போன பொங்கலுக்கும் இதைத்தான் சொன்னீங்கள்."

"போன பொங்கலுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. சும்மா கதைக்காதையும்."

"அப்ப உங்கட விருப்பம்" என்று கௌரி மஞ்சள் சட்டையைக் கழற்றினாள்.

பேச்சு அவ்வளவுதான். சீலை விலையில்கூட அரை மணி நேரம் விட்டுக்கொடுக்காதவள் அன்றைக்கு இவ்வளவு சுருக்காகத் தோற்றதற்குக் காரணம் இருந்தது. கிளினிக்குக்குப் போவதென்றால் காலி வீதியில் ஆமிக்காரர் மறிக்கும் சென்றிப் பொயின்றைத் தாண்ட வேண்டும். யாழ்ப்பாண விலாசம் எழுதிய அடையாள அட்டையை நீட்ட வேண்டும். எங்கே, ஏன், எப்போது வந்தாய் என்பதற்கெல்லாம் தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். சட்டையை மடித்து வைத்தபோது, இனி அந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்ற நிம்மதி அவளுக்கு. புருஷன் சொல் கேட்டு நடக்கும் பெண்சாதி என்ற பெயரும் கூடவே கிடைத்தது.

இது தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கதை. தில்லைநாதன் சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தவன். இடம்பெயர்ந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தபின் அவன் பார்த்த உத்தியோகம், காத்திருத்தல். அப்போது அது கௌரவமான உத்தியோகம். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் பாதிப்பேர் அதைத்தான் பார்த்தார்கள். கடைக்கணக்கு எழுதியது வயிற்றுப்பாட்டுக்கு. ரயில் பாதையோரத்தில் பாக்கியலெட்சுமி அக்காவின் வீட்டுப் பின்னறைதான் அவர்களுடைய தற்காலிக வாசஸ்தலம். தற்காலிகம் என்பதால் அறைக்கு ஒரு திரைச்சீலைகூடப் போடவில்லை.

ரொறன்ரோவில் இருந்த தமையன் சிவானந்தன் ஸ்பொன்சர் செய்திருந்தார். ஆகையால் தில்லைநாதன் தன் உடம்பையும் வாழ்க்கையையும் பகுதி பகுதியாகக் கனடாவுக்கு ஒத்திவைத்திருந்தான். கடைவாய்ப் பல் ஆடியது. அங்கே போய்ப் பிடுங்கலாம். கண் மங்கியது, கண்ணாடி அங்கே நல்லதாம். தலையணை பிய்ந்தது, போகிற நேரத்தில் புதுத் தலையணை எதற்கு? பல்லையும் கண்ணையும் ஒத்திவைத்தவன் பிள்ளையின் ஊசியையும் அதே வரிசையில் நிறுத்தினான். தாமதிக்காமல் வாங்கியது ஒன்றே ஒன்று. புறக்கோட்டை நடைபாதையில் ஆரணிக்கு ஒரு கம்பளிச் சுவெற்றர். வெள்ளவத்தை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும்.

மிட்வைவ் மிஸ் பிறகும் வந்தா. தில்லைநாதன் கனடா விஷயத்தைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். கனடாவுக்குப் போகும்வரைக்கும் நோய் பொறுத்துக்கொள்ளுமா என்று அவ கேட்டா. பகிடி என்று நினைத்து அவன் மரியாதைக்குச் சிரித்தான். அவ சிரிக்கவில்லை. பொங்கல் வந்தது. அடுத்த பொங்கலும் வந்தது. பைல் நகருகிறதென்று சிவானந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொன்னார். எந்தத் திசையில் என்று சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில் சின்னமுத்து கொழும்புக்கு வந்தது. ஸ்பொன்சரும் நேர்முகமும் இல்லாமல் நேரே பின்னறைக்கே வந்தது.

ஆரணிக்கு இரண்டரை வயது. காய்ச்சல், இருமல், சிவந்த கண், பிறகு காதுக்குப் பின்னாலிருந்து இறங்கிய செம்பொட்டுகள். பாக்கியலெட்சுமி அக்கா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டா.

"அம்மாள் வந்திருக்கிறா, தம்பி. இனி வீட்டுக்குள்ள மச்சம் மாமிசம் ஆகாது. வேப்பிலை கட்டும். மருந்து கிருந்தெண்டு ஓடிப்போடாதையும்."

தில்லைநாதன் வேப்பிலை கட்டினான். பிள்ளை குளிரில் நடுங்கியதும் பெட்டியைத் திறந்து கனடாச் சுவெற்றரைப் போட்டுவிட்டான். அதன் கை பிள்ளையின் முழங்கையோடு நின்றது. வாங்கியதற்கு அன்றுதான் முதன்முதலாகப் பிரயோசனம்.

நாலாம் நாள் மத்தியானம் ஆரணிக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருக, கையும் காலும் இழுத்தன. கௌரி போட்ட சத்தத்தில் அக்காவே ஓடிப்போய் ஒரு திரீவீலரைக் கூட்டிவந்தா. அம்மாள் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

சென்றிப் பொயின்றில் மறித்தார்கள். இரண்டு வருடமாகக் கௌரி பயந்து ஒளித்த அதே இடம். ஒரு ஆமிக்காரன் துவக்கோடு குனிந்து உள்ளே பார்த்தான். அவள் அடையாள அட்டையைத் தேட முன்னமே, "சரம்ப!" என்று சின்னமுத்துக்குச் சிங்களப் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டடி பின்வாங்கிக் கையை அசைத்தான். ஒரு கேள்வி இல்லை. இவ்வளவுதானா என்று கௌரிக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது.

பிள்ளைகள் ஆசுப்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி பிள்ளையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டாள், ஊசி போட்டதா என்று. தில்லைநாதன் நிமிர்ந்து நின்று தன் திறமான ஆங்கிலத்தில், "வீ ஆர் கோயிங் ரு கனடா" என்றான். டொக்டர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். கௌரி நிலத்தைப் பார்த்தாள். டொக்டர் பிள்ளைப் பக்கம் திரும்பினாள். மூளையில் வீக்கம் என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளை பிழைத்தது. நடந்தது, சிரித்தது, சோறு கேட்டுக் கையை நீட்டியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. காதைப் பிறகு சோதிப்போம், பொறுத்திருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். பொறுத்திருக்கத் தில்லைநாதனுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையின் முதுகுப்பக்கம் நின்று கை தட்டினான். சட்டி மூடியை அடித்தான். கோயில் மணியை வாங்கி வராததுதான் மிச்சம்.

ஒருநாள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"கௌரி! பிள்ளைக்குக் காது கேக்குதப்பா! கோச்சி வரேக்க திரும்பிப் பார்த்தவள்!"

தரையில் விளையாடிக்கொண்டிருந்த ஆரணி, அடுத்த ரயில் வந்தபோது உண்மையாகவே திரும்பினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தான். ரயில் வந்தால் அந்த அறையின் தரை பல்லுக் கிட்டினமாதிரி அதிரும் என்பது அங்கே கூட்டித் துடைக்கிற கௌரிக்குத் தெரியும். அடுத்த ரயில் நேரத்துக்குப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ரயில் யன்னலை உலுப்பிக்கொண்டு போனது. ஆரணி தாயின் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டே இருந்தாள். தில்லைநாதன் பார்த்தான். தேங்காய்ப் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.

பிள்ளையின் காது போனதற்குக் காரணம் சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. அது ஏற்கெனவே தயாராக இருந்தது. "சண்டையால மருந்தில்லாமல் போச்செண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். சனம் அழுதது" என்றார் சிவானந்தன் போனில். தில்லைநாதன் மறுக்கவில்லை. பாக்கியலெட்சுமி அக்கா கோயிலில் அதையே சொன்னா. கௌரியும் தலையாட்டினாள். இத்தனை வருடம் எல்லாப் பழியையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்ட சண்டை இதையும் வாங்கிக்கொண்டது. கிளினிக் வாசலில் பிள்ளைகள் வழக்கம்போல ஊசிக்கு அழுதுகொண்டிருந்தன.

ஒரு பின்னேரம் மூவரும் ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் இருந்தார்கள். ஆரணி தகப்பனின் மடியில் இருந்து கடலைப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே, கேட்காது என்ற தைரியத்தில், அவன் அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"சனத்துக்கு என்னெண்டாலும் சொல்லும், கௌரி. சண்டையெண்டே சொல்லும். இவள் வளர்ந்தாப் பிறகு விளங்கிற மாதிரி எப்பிடியும் சொல்லிக்குடும், அப்பாதான் மறிச்சவர் எண்டு. எனக்குச் சொல்லத் தைரியம் வராது."

அவன் பிள்ளையின் காதோரத்து மயிரை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தான்.

"அண்டைக்கு நீர் மஞ்சள் சட்டை போட்டு வெளிக்கிடுத்தி வச்சிருந்தனீர். அதைச் சொல்லும். எவ்வளவு கெதியாக் கழட்டினனீர் எண்டு நானும் கண்டனான். அதை மட்டும் சொல்லாதையும், என்ன?"