மூடியின் மேல் வைத்த பொட்டு

என் மாமாவுக்கு ராயபுரத்தில் ‘சந்தனக்கை’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஏதோ மங்களமான கை என்று நினைத்துவிட வேண்டாம். ராசியில்லாத கை என்பதைத்தான் மரவாடிக்காரர்கள் அப்படி நாசூக்காகச் சொன்னார்கள். அந்தப் பெயர் அவருக்கு வந்த நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. கடலோரத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் அபூர்வப் பிறவி. அதனால் அப்பா அவரைத் தொழிலுக்கு அழைத்துப் போவதை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். இரண்டாம் உலகச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது மாமா பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே அவர் துப்பாக்கி பிடிக்கவில்லை. அஸ்ஸாம் காட்டில் ரோடு போடுகிற கூட்டத்தோடு போய், பெட்ரோலில் ஓடும் ரம்பத்தால் மரம் அறுத்தார். சண்டை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுச் சோற்றைத் தலைகுனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய், மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருந்தார். பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, மாமாவின் பேச்சை நம்பி அவர் ஒரு பெட்ரோல் ரம்பத்தை எடுத்துவிட்டார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் எஞ்சினும் இரண்டு கைப்பிடிகளும், மறு முனையில் இன்னொரு கைப்பிடி, நடுவில் ஆள் நீளத்துக்குப் பட்டை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. மாமா அதைப் பிரித்துப் பூட்டி, ஒரு மாதம் கரியும் எண்ணெயுமாகத் திரிந்து, கடைசியில் ஓடவைத்தார். பாய் ஒரு நிபந்தனை போட்டார். விஜயதசமியன்று கப்பல்துறைக்கு மரம் எடுக்கும் கான்ட்ராக்டர் வருவார். அவர் முன்னால் பெரிய தேக்கு ஒன்றை ஒரே மூச்சில் அறுத்துக் காட்டினால் மாமாவுக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மெஷின் பழைய இரும்பாக யானைக்கவுனிக்குப் போகும். மாமா எங்கே போவார் என்று பாய் சொல்லவில்லை, ஆனால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை மாமா அந்த வாரம் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் கூடை வைக்கும் அத்தை ஒருத்தி, ஆசையாக என் கையால் போணி செய்யச் சொன்னாள். நானும் முதல் மீனை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கென்று பேய்மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் கூடை மீன் அத்தனையும் கெட்டுப்போயிற்று. மறுநாள் இன்னொருத்திக்குப் போணி செய்தேன். அவள் கூடையை மாடு முட்டித் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா என்னை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகவில்லை. விடியலில் எழுந்திருக்க வேண்டாமே என்று எனக்குச் சந்தோஷம்தான். மார்க்கெட்டில் பெண்கள் என்ன பேசத் தொடங்கியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜையன்று மரவாடியில் ரம்பம், வாய்ச்சி, உளி எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார்கள். பொரிக்கும் பழத்துக்கும் வருஷாவருஷம் பாய்தான் காசு கொடுப்பார். கைரம்பத்தால் மரம் அறுக்கும் ரம்பக்காரர்கள் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். பூஜைக்கு என்னை அழைத்து வந்திருந்த அம்மா குறுக்கே வந்தாள்.

“அவ கை வோணாண்டா. நீயே வையி.”

“இந்தக் கைதான் வோணும்க்கா,” என்றார் மாமா.

நான் வட்டமாகப் பொட்டு வைப்பேன் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின் முழுக்க இடம் தேடினேன். பெட்ரோல் டாங்கியின் மூடிதான் நல்ல வட்டமாக, நெற்றி மாதிரி தோன்றியது. அதன் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். மாமா முகம் மலர்ந்து பார்த்தார். பூஜை நாளில் ஆயுதத்தை ஓட்டக்கூடாது என்பதால் மெஷின் அன்று முழுக்கப் பொட்டோடு ஓய்வெடுத்தது.

மறுநாள் காலையில் கான்ட்ராக்டர் வந்தார். பாய் சலவைச் சட்டை போட்டிருந்தார். நானும் அம்மாவும் மரக்குவியல் ஓரத்தில் நின்றோம். மாமா சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மெஷின் அலறிக்கொண்டு கிளம்பியது. மறுமுனையை ஒரு ரம்பக்காரர் வேண்டாவெறுப்பாகப் பிடித்துக்கொள்ள, சங்கிலி தேக்கில் இறங்கி மரத்தூளை வாரி இறைத்தது. கால்வாசி போயிருக்கும். மெஷினின் குரல் கம்மி, இருமி, நின்றுவிட்டது.

மாமா பதறவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, எஞ்சினோடு ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி வந்தது. டாங்கியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஓடியது. எல்லோரும் மூச்சு விட்டோம். மறுபடியும் அதே இருமல், அதே மௌனம்.

அடுத்து காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டினார். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினார். கார்பரேட்டரைத் திறந்து, உள்ளே இருந்த கிண்ணம் காய்ந்து கிடப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது, குழாயில் அடைப்பில்லை, ஆனால் இங்கே வந்து சேரவில்லை. பட்டாளத்தில் அவருக்கு எல்லாக் கோளாறும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே யாரும் மெஷினுக்குப் பொட்டு வைக்கவில்லை, அதனால் இந்தக் கோளாறு மட்டும் பாடத்தில் இல்லை.

கான்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பாய் கான்ட்ராக்டரைப் பார்த்தார்.

“இன்னாபா, முந்தாநேத்து நல்லா ஓடிக்கினு இருந்ததே,” என்றார் பாய். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் இருந்தது.

ரம்பக்காரர்களுக்கு அந்த மெஷின் நின்றதில் பெரிய வருத்தம் இல்லை. தங்கள் பிழைப்பைத் தின்ன வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் மூத்தவர் குனிந்து டாங்கியைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“நல்ல நாளு அதுவுமா நின்னுகினு கீது. யாரு கை வெச்ச பொட்டுபா இது?”

அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. எனக்கோ கையைத் தூக்க வேண்டும் என்று துடிப்பு. இவ்வளவு பெரிய மனிதர் என் பொட்டை விசாரிக்கிறாரே.

அந்த நேரத்தில் மாமா மறுபடி மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மாமாவின் கை நின்றது. மூடியை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தார். என் பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து என்னிடம் வந்து, பொத்தான் போன இடத்தில் நான் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். சட்டை திறந்துகொள்ளாமல் நான் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“நான் வெச்ச பொட்டுதான்,” என்றார் மாமா, மூத்த ரம்பக்காரரிடம். “மூடி நடுவுல காத்து போக ஊசி ஓட்டை ஒண்ணு கீது. அத்த சந்தனத்தால அடச்சிட்டேன். காத்து உள்ள போவாம பெட்ரோல் எப்படி எறங்கும்? மெஷின் மேல தப்பு இல்ல பாய், என் கைதான் கலீஜ் பண்ணிடிச்சு.”

காய்ந்த சந்தனத்தை ஊக்கால் குத்தி எடுத்து, வாயால் ஊதி, மூடியைப் பூட்டிக் கயிற்றை இழுத்தார். மெஷின் கிளம்பியது. அதற்குப் பிறகு இருமவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் வைத்த பொட்டைத் தான் வைத்ததாக இத்தனை பேர் முன்னால் சொல்கிறாரே. மெஷின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினேன்: அது நான் வைத்த பொட்டு, மாமா பொய் சொல்கிறார். யார் காதிலும் விழவில்லை. தேக்கு இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. பாய் சிரித்தபடி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மாமா நிறுத்தவில்லை. அறுக்க ஒன்றும் இல்லாமல் சங்கிலி வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்த மனமில்லை போலும் என்று நினைத்தேன். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு நான் ஓய்ந்த பிறகு ஒருவழியாக நிறுத்தினார்.

வேலை நிரந்தரமாயிற்று, பட்டப்பெயரும் கூடவே நிரந்தரமாயிற்று. புது ரம்பம் வந்தால் மாமாவை முதலில் தொட விடமாட்டார்கள். குப்பத்தில் புதுக் கட்டுமரம் இறக்கும்போது அவர் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வார். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ரம்பக்காரர்கள் பார்க்க என்னை அழைத்து, ஓட்டை இல்லாத இடமாகக் காட்டிப் பொட்டு வைக்கச் சொல்வார். வருஷம் முழுக்க மெஷின் ஓடும். “பாப்பா கை ராசியான கை,” என்று மூத்தவரே சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு மார்க்கெட்டுக்கும் போனது. பக்கத்துக் கூடை அத்தை மறுபடி போணிக்குக் கூப்பிட்டாள். விடியலில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று நான் மாமாவைத் திட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அதே மார்க்கெட்டில் கூடை வைத்தேன். ராசியில்லாத கை என்று பெயர் வாங்கிய பெண்ணொருத்தி அங்கே இருந்தாள். காலையில் யாரும் அவள் பக்கம் திரும்ப மாட்டார்கள். கல்யாண வீட்டில் அவளிடம் தாம்பூலத் தட்டைக் கொடுக்க மாட்டார்கள். என்னிடமோ போணிக்கு ஆள் காத்து நின்றது. என் கை நல்ல கை என்று நான் சும்மா நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா காலமான வருஷம், அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த விஜயதசமி பேச்சு வந்தது. மெஷினை நிறுத்த மனமில்லாமல் நின்றாரே, அவ்வளவு சந்தோஷம் மாமாவுக்கு, என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“சந்தோசமா? நீ கத்திகினே கீறே, அவன் உன் வாயையே பாத்துகினு நின்னான். நீ வாய மூடுனப்புறம்தான் மெஷின நிறுத்தினான்.”